ஸ்பெக்ட்ரம் காலத்து கேம்ஸ் எல்லாம் 48 கேபில எப்படி ஓடுச்சு?

கேள்வி இதுதான்: இப்போ போன்ல எடுக்குற ஒரு போட்டோவே 3 எம்பி வருது, அப்படி இருக்கும்போது 1980கள்ல ஸ்பெக்ட்ரம், பிபிசி மைக்ரோ மாதிரி வீட்டு கம்ப்யூட்டர்ல 48 கேபி, 32 கேபி மெமரிய மட்டும் வெச்சுகிட்டு ஆர்கேட் கேமும் (ஓடி குதிச்சு விளையாடுறது) அட்வென்சர் கேமும் (கதைய படிச்சு கட்டளைய டைப் பண்றது) எப்படி பண்ணாங்க?

இதுக்கு வழக்கமா கெடைக்குற பதில் "அசெம்பிளில (ப்ராசஸரோட நேரடி மொழில) எழுதுனாங்க, எல்லாத்தையும் கம்ப்ரஸ் பண்ணாங்க"ங்கறதுதான். தப்பில்ல, ஆனா அதுல முக்கியமான விஷயம் விட்டுப்போயிடுது. என்னைக் கேட்டா, அந்த கேம்ஸ் பாக்குறதுக்கு ஏன் அப்படி இருந்துச்சு, ஏன் ஒவ்வொரு ரூமா மாறுச்சு, ஏன் ரெண்டு வார்த்தைல மட்டும் டைப் பண்ண சொல்லுச்சு, இது எல்லாமே அந்த மெஷின்ல எது விலை ஜாஸ்தி எது விலை கம்மிங்கறதுல இருந்து வந்ததுதான். ஆர்கேட் கேமுக்கு விலை ஜாஸ்தி நேரம், அட்வென்சருக்கு விலை ஜாஸ்தி எழுத்து. இந்த ரெண்டையும் தனித்தனியா பாத்துட்டு அப்புறம் ரெண்டும் ஒண்ணு சேந்த எடத்துக்கு வரேன், அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி.

முதல்ல மெஷின். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரல்ல பிரிட்டன்ல வந்துச்சு, 16 கேபி மாடல் 125 பவுண்டு, 48 கேபி மாடல் 175 பவுண்டு. ப்ராசஸர் இசட்80ஏ, 3.5 மெகாஹெர்ட்ஸ். 48 கேபின்னா 49152 பைட், ஒரு பைட்டுக்கு எட்டு பிட். இதுல ஸ்க்ரீனுக்கு மட்டும் 6912 பைட் போயிடும், ஸ்க்ரீன் 256க்கு 192 புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு பிட், அது 6144 பைட், மீதி 768 பைட் கலருக்கு. கலர் எப்படின்னா ஒவ்வொரு புள்ளிக்கும் தனி கலர் கெடையாது, 8க்கு 8 புள்ளி இருக்குற ஒரு கட்டத்துக்கு ரெண்டே கலர், எழுத்துக்கு ஒண்ணு பின்னணிக்கு ஒண்ணு. ஒவ்வொரு புள்ளிக்கும் தனியா கலர் குடுத்திருந்தா ஸ்க்ரீனே மெமரில பாதிய சாப்பிட்டிருக்கும், அதனால இந்த ஏற்பாடு. இதனாலதான் வெள்ளை ஹீரோ பச்சை செடிகிட்ட போனா பாதி உடம்பு பச்சையாகும், கலர் க்ளாஷ்னு சொல்றது இதைத்தான்.

கேம் கேசட் டேப்ல வரும், அதுல இருந்து லோட் ஆகும்போது இந்த அமைப்ப கண்ணாலயே பாக்கலாம். முதல்ல பார்டர்ல சிவப்பும் நீலப்பச்சையும் பட்டை பட்டையா ஓடும், அது டேட்டாவுக்கு முன்னாடி வர்ற பைலட் டோன்ங்கற சத்தம், டேட்டா வர ஆரம்பிச்சதும் நீலமும் மஞ்சளும் ஆயிடும். அப்புறம் லோடிங் படம் வரும், அது மேல இருந்து கீழ வரிசையா வராது, ஸ்க்ரீன மூணு பாகமா பிரிச்சு முதல் பாகத்துல எட்டு வரிக்கு ஒரு வரியா நிரப்பி, திரும்ப மேல வந்து அடுத்த வரிய நிரப்பி, அந்த பாகம் முடிஞ்சா அடுத்த பாகம்னு போகும். அதுவரைக்கும் கருப்பு வெள்ளைதான். கடைசியா அந்த 768 பைட் வரும்போது மேல இருந்து கீழ சரசரன்னு கலர் ஏறும். மெமரி அட்ரஸ் எந்த வரிசைல இருக்கோ அதே வரிசைல படம் வருது, அவ்ளோதான். முழு கேம் லோட் ஆக அஞ்சு நிமிஷம் போல ஆகும், நடுவுல டேப்ல ஒரு தூசி இருந்தாலும் "டேப் லோடிங் எரர்"னு நின்னுடும், மறுபடியும் ரீவைண்ட் பண்ணி முதல்ல இருந்து.

சரி, நேரம். டிவி ஒரு செகண்டுக்கு 50 தடவை படத்த புதுப்பிக்குது, ஒரு தடவைக்கு (இதுதான் ஒரு ஃப்ரேம்) ப்ராசஸருக்கு கெடைக்குறது 69888 க்ளாக் டிக், டிக்னா ப்ராசஸரோட ஒரு துடிப்பு. இசட்80ல ஒரு எடத்துல இருக்குற பைட்டுகள இன்னொரு எடத்துக்கு மொத்தமா காப்பி பண்ண ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கு, அது ஒரு பைட்டுக்கு 21 டிக் எடுத்துக்கும். 6144 பைட்டையும் காப்பி பண்ணா 129024 டிக். அதாவது கேம்ல வேற எதுவுமே பண்ணாம ஸ்க்ரீன ஒரு தடவை மாத்தி எழுதறதுக்கே கிட்டத்தட்ட ரெண்டு ஃப்ரேம் காலி. கமடோர் 64ங்கற இன்னொரு வீட்டு கம்ப்யூட்டர்ல ஸ்ப்ரைட்டும் (நகர்ற உருவம்) ஸ்க்ரோலிங்கும் (படம் வழுக்கிட்டு நகர்றது) ஹார்ட்வேர்லயே இருந்துச்சு, ஸ்பெக்ட்ரம்ல ஒண்ணுமே கெடையாது, எல்லா புள்ளியையும் ப்ராசஸர்தான் கைப்பட எழுதணும். ஸ்பெக்ட்ரம் கேம்ஸ்ல ஸ்க்ரீன் அப்படியே நிக்கும், ஓரத்துக்கு போனா டக்குனு அடுத்த ரூம் வரும்னு இருக்கறதுக்கு காரணம் இந்த கணக்குதான். (ஸ்மூத்தா ஸ்க்ரோல் பண்ண ஸ்பெக்ட்ரம் கேமும் இருக்கு, ஆனா ஒவ்வொண்ணும் எங்கயாவது விட்டுக்குடுத்திருக்கும், ஜன்னல சின்னதாக்கியோ கலர குறைச்சோ.)

இதுக்கு நான் எப்பவும் காட்டுற உதாரணம் மேனிக் மைனர். 1983ல மேத்யூ ஸ்மித்ங்கற டீனேஜ் பையன் எழுதுனது, பக் பைட் கம்பெனி வெளியிட்டுச்சு. சுரங்கத் தொழிலாளி வில்லி, 20 குகை, ஒவ்வொண்ணுலயும் சாவிய எல்லாம் எடுத்துட்டு காத்து தீர்றதுக்குள்ள வெளியேறணும். ஒவ்வொரு குகைக்கும் சரியா 1024 பைட், ஆக மொத்தம் 20480 பைட் குகைகளுக்கே. அந்த 1024ல முதல் 512 பைட் என்னன்னா, 32க்கு 16 கட்டம் இருக்குற அந்த குகையோட கலர் பைட்டுகள். இங்கதான் அழகு. எந்த கட்டத்துல எந்த படம்னு தனியா ஒரு டேபிள் கெடையாது, கலர்தான் அடையாளம். இந்த கலர் பைட் இருந்தா தரை, இந்த கலர் இருந்தா செவுரு, இது இருந்தா இடிஞ்சு விழுற தரை, இது இருந்தா தொட்டா செத்துடுவ. வில்லி நகரும்போது கேம் கால் கீழ இருக்குற கட்டத்தோட கலர மட்டும் பாக்கும், அதுலயே நிக்கலாமா விழணுமா சாகணுமான்னு முடிவாயிடும். மேப்பும் அதுதான், ஓவியமும் அதுதான், மோதல் செக்கும் அதுதான், ஒரே பைட் மூணு வேலை பாக்குது. 48 கேபில எப்படின்னு கேட்டீங்கல்ல, இந்த ஒரு விஷயத்த புரிஞ்சிகிட்டா பாதி பதில் கெடைச்சிடுச்சு.

அப்புறம் ஃப்ளிக்கர். நேரா ஸ்க்ரீன்லயே எதிரிகள அழிச்சு வரைஞ்சா படம் மின்னும், அதனால காலி குகைய ஒரு பஃபர்ல (மெமரில தனியா ஒதுக்குன எடத்துல) வெச்சிருந்து, ஒவ்வொரு தடவையும் அத இன்னொரு பஃபருக்கு காப்பி பண்ணி, அது மேல எதிரிகளையும் வில்லியையும் வரைஞ்சு, எல்லாம் முடிஞ்சப்புறம் ஸ்க்ரீனுக்கு தள்ளுது. குகை ஸ்க்ரீனோட மேல் மூணுல ரெண்டு பங்குல மட்டும்தான் இருக்கு, கீழ் பங்குல காத்து மீட்டரும் ஸ்கோரும், காப்பி பண்ண வேண்டியது 6144ல இருந்து 4096 பைட்டா குறைஞ்சிடுச்சு பாருங்க. இதோட பேக்ரவுண்ட்ல க்ரீக்ங்கற இசையமைப்பாளரோட இசை வேற ஓடிட்டே இருக்கும், ஸ்பெக்ட்ரம் கேம்ல விளையாடும்போதே பாட்டு ஓடுனது அதுதான் முதல்னு சொல்லுவாங்க. ஸ்பெக்ட்ரம்ல சவுண்ட் சிப்பே கெடையாது, ஒரே ஒரு பிட்ட ப்ராசஸர் ஆன் ஆஃப் பண்ணாதான் சத்தம், சத்தம் போடும்போது வேற வேலை பாக்க முடியாது, அதனால ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சூண்டு நேரம் ஒதுக்கி ஒரு துண்டு சத்தம் மட்டும் போடுது. அந்த பாட்டு கரகரன்னு விட்டு விட்டு கேக்குறதுக்கு அதுதான் காரணம்.

அடுத்த வருஷம் அதே ஆளு ஜெட் செட் வில்லி எழுதுனாரு, இதுல 60 ரூம். ரூமுக்கு 1024 பைட்னா 60 கேபி ஆயிடும், மெஷின்லயே அவ்ளோ இல்ல. அதனால ஒரு ரூம 256 பைட்டுக்கு சுருக்கிட்டாரு. 512 கட்டத்துக்கும் ஒவ்வொரு பைட் குடுக்காம ரெண்டு ரெண்டு பிட் குடுத்தா 128 பைட்தான், ரெண்டு பிட்ல நாலு வகை சொல்லலாம், காலி, தரை, செவுரு, ஆபத்து, போதும். சாய்வும் கன்வேயரும் (ஆள இழுத்துட்டு போற தரை) ரூமுக்கு ஒண்ணுதான், அத தனியா குறிச்சுக்கலாம். ஆனா இவ்ளோ நெருக்கி அடைச்சா ஒரு சின்ன தப்பு பக்கத்துல இருக்குறத எல்லாம் அழிச்சிடும், அதுவும் நடந்துச்சு. அட்டிக் ரூமுக்குள்ள போனா அங்க பறக்குற அம்பு தன்னோட எல்லைய தாண்டி மெமரில எழுதி, வேற சில ரூம்கள் கெட்டுப்போய், அதுக்குள்ள போனா உடனே சாவு. கேம முடிக்கவே முடியாது. வெளியிட்ட கம்பெனி முதல்ல அது விஷவாயு, வேணும்னே வெச்சதுன்னு சொல்லிட்டு அப்புறம் சரி பண்ற போக் நம்பர்கள குடுத்தாங்க. வாங்குனவங்க கேம் ஸ்டார்ட் ஆகுறதுக்கு முன்னாடி மெமரில அந்தந்த எடத்துல அந்தந்த எண்ண கையால டைப் பண்ணி போட்டு விளையாடுனாங்க.

எலைட்ங்கற விண்வெளி வியாபார கேம் பத்தி சொல்லாம விட முடியாது. டேவிட் ப்ரேபனும் இயன் பெல்லும் கேம்ப்ரிட்ஜ்ல படிக்கும்போது பிபிசி மைக்ரோவுக்கு எழுதுனது, 1984 செப்டம்பர்ல ஏகார்ன்சாஃப்ட் வெளியிட்டுச்சு. அந்த மெஷின்ல மொத்தமே 32 கேபி, ஸ்க்ரீனும் அதுக்குள்ளதான். அதுல 8 கேலக்ஸி, ஒவ்வொண்ணுலயும் 256 கிரகம், ஒவ்வொரு கிரகத்துக்கும் பேரு, அரசாங்கம், பொருளாதாரம், டெக்னாலஜி, சந்தை விலை எல்லாம் உண்டு. 2048 கிரகத்தோட டேட்டாவ எங்க வெச்சாங்க? எங்கயும் வெக்கல. ஆறு பைட் விதை ஒண்ணு, அத ஒரு குறிப்பிட்ட விதத்துல கூட்டி முறுக்கிட்டே போனா அடுத்தடுத்த கிரகத்தோட எண்கள் வரும், ஒரே விதை எப்பவும் ஒரே வரிசையத்தான் குடுக்கும், அதனால நீங்க போகும்போது கணக்கு போட்டுக்கலாம், ஸ்டோர் பண்ண வேண்டாம். பேரும் அப்படித்தான், ரெண்டு ரெண்டு எழுத்து ஜோடிகள் இருக்குற ஒரு குட்டி டேபிள்ல இருந்து அந்த எண்கள் எடுத்து ஒட்டுனதுதான் லேவ் மாதிரி பேரெல்லாம். அடுத்த கேலக்ஸிக்கு போகணுமா, அந்த ஆறு பைட்டையும் ஒவ்வொண்ணா ஒரு பிட் இடது பக்கம் சுத்தி விடுங்க, புது விதை ரெடி. எட்டு தடவை சுத்துனா பழைய எடத்துக்கே வந்துடும், எட்டு கேலக்ஸி வட்டமா வர்றது இதனாலதான். இத முதல் தடவை படிச்சப்போ எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

இப்போ அட்வென்சர். இங்க நேரம் பிரச்சனையே இல்ல, ஆளு டைப் பண்ற வரைக்கும் கம்ப்யூட்டர் சும்மாதான் இருக்கு. எழுத்துதான் பிரச்சனை. இதோட ஆரம்பம் வீட்டு கம்ப்யூட்டரே இல்ல, வில் க்ரவுதர்னு ஒருத்தர், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்ல வேலை பாத்தவர், குகைக்குள்ள போற பழக்கம் உள்ளவர், அமெரிக்காவுல கெண்டக்கில இருக்குற மாம்மத் குகைய வெச்சு 1976 வாக்குல பிடிபி-10 பெரிய மெஷின்ல ஒரு குகை கேம எழுதுனாரு, 1977ல டான் உட்ஸ் அத பெருசாக்குனாரு. ஸ்க்ரீன்ல இடத்தோட விவரிப்பு வரும், நீங்க "கெட் லேம்ப்", "கோ நார்த்"னு டைப் பண்ணணும். இத பாத்துட்டு ஸ்காட் ஆடம்ஸ் 1978ல 16 கேபி டிஆர்எஸ்-80ங்கற வீட்டு கம்ப்யூட்டர்ல அட்வென்சர்லேண்ட் எழுதுனாரு. அவரோட விவரிப்பு எல்லாம் தந்தி மாதிரி இருக்கும், "நான் காட்டுல இருக்கேன், தெரியுறது: மரங்கள்" அவ்ளோதான். வார்த்தையோட முதல் மூணு எழுத்த மட்டும்தான் பாக்கும், மீதிய டைப் பண்ணாலும் ஒண்ணுதான் பண்ணாட்டியும் ஒண்ணுதான். அத வறட்சின்னு குறை சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அப்படி தோணல, கம்மியா சொல்றதுனால மீதிய நாமளே கற்பனை பண்ணிக்குவோம். அதவிட முக்கியம், கேம ஓட்டுற இன்ஜின் தனி, கேமோட டேட்டா தனின்னு பிரிச்சாரு, அதனால அடுத்த கேமுக்கு டேட்டாவ மட்டும் மாத்துனா போதும்.

இதே யோசனைய இன்ஃபோகாம்ங்கற அமெரிக்க கம்பெனி உச்சத்துக்கு கொண்டு போச்சு. எம்ஐடில பெரிய மெஷின்ல எழுதுன ஜோர்க்ங்கற அட்வென்சர் கேம் அப்படியே எந்த வீட்டு கம்ப்யூட்டருக்குள்ளயும் போகாது, அதனால மூணு கேமா பிரிச்சாங்க, அதோட இல்லாத ஒரு ப்ராசஸர கற்பனையா டிசைன் பண்ணாங்க, இசட் மெஷின்னு பேரு. கேம் அந்த கற்பனை மெஷினுக்கு எழுதுனது, ஆப்பிளுக்கு அத புரிஞ்சு ஓட்டுற ஒரு குட்டி இன்டர்ப்ரெட்டர், டிஆர்எஸ்-80க்கு ஒண்ணு, கமடோருக்கு ஒண்ணு, கேம் ஃபைல் எல்லாத்துக்கும் ஒண்ணேதான். எழுத்துக்கு எட்டு பிட் குடுக்காம அஞ்சு பிட் குடுத்தாங்க, ரெண்டு பைட்ல மூணு எழுத்து ஏறும். அடிக்கடி வர்ற சொற்களுக்கு சுருக்கக் குறி. அப்பவும் மெமரில அடங்காட்டி தேவைப்படுற பக்கத்த ஃப்ளாப்பில இருந்து எடுத்துக்கும்.

இந்த ஃப்ளாப்பிங்கற வார்த்தைய கவனிங்க. அமெரிக்காவுல ஆப்பிள் வெச்சிருந்தவங்ககிட்ட டிஸ்க் ட்ரைவ் இருந்துச்சு, பிரிட்டன்ல பெரும்பாலும் கேசட்தான், கேசட்ல நடுவுல போய் ஒரு பக்கத்த எடுக்க முடியாது, முழு கேமும் மெமரில ஒக்காரணும். அதனால பிரிட்டன்ல லெவல் 9ங்கற ஆஸ்டின் சகோதரர்கள் கம்பெனி டெக்ஸ்ட் கம்ப்ரெஷன்ல பின்னி எடுத்தாங்க, க்ரவுதர் உட்ஸ் குகை கேம முழுசா 32 கேபிக்குள்ள போட்டு, அதுக்கு மேல 70 ரூம் புதுசா வேற சேத்தாங்க. ரொம்ப பேருக்கு இவங்கள தெரியாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆஸ்திரேலியாவுல இருந்து 1982ல வந்த தி ஹாபிட் (டோல்கீன் நாவல வெச்சு பண்ண அட்வென்சர்) இன்னொரு பாதை. மெல்பர்ன்ல பீம் சாஃப்ட்வேர்ல வெரோனிகா மெக்லரும் பிலிப் மிட்செலும் எழுதுனது. மத்த கேம்ல நீங்க அசையாம இருந்தா உலகமும் அசையாது, இதுல கொஞ்ச நேரம் சும்மா இருந்தீங்கன்னா காலம் ஓடிடும், மத்த கேரக்டர்கள் பாட்டுக்கு நடப்பாங்க, பொருள எடுப்பாங்க, சண்டை போடுவாங்க, தோரின்ங்கற குள்ளர் ஒக்காந்து தங்கத்த பத்தி பாட ஆரம்பிச்சிடுவாரு. படங்களையும் படமா சேமிக்கல, "இங்க இருந்து இங்க கோடு, இந்த எடத்த இந்த கலர்ல நிரப்பு"ன்னு கட்டளையா வெச்சாங்க, அதனால ஒவ்வொரு படமும் கண்ணு முன்னாடி கோடு கோடா வரைஞ்சுதான் முடியும்.

இப்போ ரெண்டும் சேர்ற எடம். பிரிட்டன் பத்திரிகைகள்ல ஆர்கேட் அட்வென்சர்னே ஒரு வகை இருந்துச்சு, ஓடணும் குதிக்கணும், அதோட பொருள் எடுத்து எங்க யூஸ் பண்றதுன்னு யோசிக்கவும் வேணும், மேப்ப பேப்பர்ல வரையணும். இதுல ராஜா அல்டிமேட் ப்ளே த கேம், டிம் ஸ்டாம்பர், க்ரிஸ் ஸ்டாம்பர் அண்ணன் தம்பி, ஆஷ்பி டி லா ஸூச்ங்கற ஊரு (பின்னாடி ரேர்ங்கற கேம் கம்பெனியா ஆனது இவங்கதான்). 1983ல ஏட்டிக் ஏடாக், 1984ல சேபர் வுல்ஃப், அந்த வருஷக் கடைசில நைட் லோர். நைட் லோர்ல ரூம் மூலைல இருந்து சாய்வா பாக்குற மாதிரி முப்பரிமாணத்துல இருக்கும், ஹீரோ மேசைக்கு பின்னாடி போனா மறைவான், கட்டைய தள்ளி அது மேல ஏறி குதிக்கலாம். நாப்பது நாளுக்குள்ள மந்திரவாதியோட கொப்பரைக்கு கேக்குற பொருள எல்லாம் கொண்டு போகணும், ராத்திரியானா ஹீரோ ஓநாயா மாறிடுவான்.

இத எப்படி பண்ணாங்கன்னு பாத்தா நான் முன்னாடி சொன்ன எல்லாமே இதுல வந்து நிக்குது. ஒவ்வொரு உருவத்துக்கும் படம் ஒண்ணு, அதோட நிழல் மாதிரி மாஸ்க் ஒண்ணு, முதல்ல மாஸ்க்க வெச்சு பின்னணில அந்த உருவத்தோட அச்சுல ஓட்டை போட்டுட்டு அப்புறம் படத்த அந்த ஓட்டைல வெக்குறது, பின்னாடி இருக்குறதுல இருந்து முன்னாடி இருக்குறது வரைக்கும் வரிசையா இப்படி வரைஞ்சா ஒண்ணு பின்னாடி ஒண்ணு மறையும். கலர் க்ளாஷ் வருமே? வராது, ஏன்னா ஒரு ரூமுக்கு ஒரே கலர்தான், கருப்பு மேல மஞ்சள், இல்ல கருப்பு மேல பச்சை. அதையே பெரிய குறைன்னு சொன்னவங்களும் உண்டு, நான் ஒத்துக்க மாட்டேன், அந்த ஒத்தக் கலர்தான் அந்த கேமுக்கு ஒரு நிலா வெளிச்சம் மாதிரி ஒரு அமைதிய குடுத்துச்சு. ரூம்ல நகர்ற பொருள் ஜாஸ்தியானா மொத்த கேமும் மெதுவாகும், ஒரு பொருள் குறைஞ்சா வேகம் கூடும், இதுவும் அதே டிக் கணக்குதான். இத பாத்து அதே ஸ்டைல்ல வந்தது ஏராளம், அதுல 1987ல ஜான் ரிட்மனும் பெர்னி ட்ரமண்டும் பண்ண ஹெட் ஓவர் ஹீல்ஸ் நைட் லோரையே தாண்டிடுச்சுன்னு நான் சொல்லுவேன், ரெண்டு ஹீரோ, ஒருத்தன் நல்லா குதிப்பான், ஒருத்தன் வேகமா ஓடுவான், ரெண்டு பேரும் சேந்தா ஒரே ஆளாயிடுவாங்க.

நம்ம ஊர் பக்கம் இந்த மெஷின்கள் சுத்தமா வரலன்னு நினைக்க வேண்டாம். 1984ல மத்திய அரசு ஆரம்பிச்ச க்ளாஸ்ங்கற கம்ப்யூட்டர் கல்வி திட்டத்துல பள்ளிக்கூடங்களுக்கு பிபிசி மைக்ரோதான் குடுத்தாங்க. 1986ல டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ்ங்கற கம்பெனி லைசென்ஸ் வாங்கி டிபி ஸ்பெக்ட்ரம் ப்ளஸ்னு இந்தியாவுலயே வித்தாங்க.

நேர்ல பாக்கணும்னு ஆசை இருந்தா எமுலேட்டர் (இப்போதைய கம்ப்யூட்டர்ல பழைய மெஷின் மாதிரியே நடந்துக்குற ப்ரோக்ராம்) போதும், ஃப்யூஸ்ங்கறது ஃப்ரீயா கெடைக்குது. மேனிக் மைனர்ல முதல் குகைல இருந்து ஆரம்பிங்க, கலர் பைட் விஷயத்த மனசுல வெச்சுகிட்டு தரையையும் செவுரையும் பாருங்க, ரெண்டுக்கும் ஒரே கலர் எங்கயுமே குடுத்திருக்க மாட்டாரு. ப்ரோக்ராமிங் கொஞ்சம் தெரிஞ்சவங்களா இருந்தா மேனிக் மைனர், எலைட் ரெண்டோட கோடும் வரிக்கு வரி விளக்கத்தோட நெட்ல இருக்கு, எலைட்ல அந்த ஆறு பைட்ட முறுக்குற ரொட்டீன முதல்ல தேடிப் படிங்க, பைத்தான்ல அதையே நீங்க எழுதிப் பாக்குறது கஷ்டமே இல்ல, ஓட விட்டா அதே கிரகப் பேருங்க அதே வரிசைல வந்து விழும்.